ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் தற்காப்பு வீரரின் ஆட்ட வாழ்க்கையை எதை வைத்து மதிப்பிடுவது?

தென்திசை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மெல்பர்னுக்குக் குடிவந்தது முதல் இந்த ஆட்டத்தின் முதன்மை லீக்கான ஏ.எஃப்.எல். ஆட்டங்களைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். ஆட்டத்தின் போக்கு இப்போது நன்றாகவே பிடிபடுகிறது. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குத் தெளிவு கிடைக்கவில்லை. முன்கள வீரர் அடித்த கோல்களைக் கொண்டும், நடுக்கள வீரர் பந்தைக் கையாண்ட எண்ணிக்கையைக் கொண்டும் அவரவர் தரத்தை ஓரளவு கணித்துவிடலாம். அதிக கோல் அடிப்பவருக்குக் கோல்மன் பதக்கம் இருக்கிறது. நடுவர்கள் வாக்களிக்கும் பிரௌன்லோ பதக்கமோ பெரும்பாலும் நடுக்களத்தாருக்கே போய்ச் சேருகிறது. பின்வரிசையில் நின்று எதிரணியின் மிகச் சிறந்த முன்கள வீரரை இரண்டு மணி நேரம் மறித்துக்கொண்டிருப்பவரின் உழைப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?

எனக்கு இந்தக் கேள்வியை எழுப்பியவர் ரிச்மண்ட் அணியின் அலெக்ஸ் ரான்ஸ். 2014 முதல் 2018 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாக, அந்தந்த ஆண்டின் சிறந்த வீரர்களைக் கொண்டு அறிவிக்கப்படும் ஆல் ஆஸ்திரேலியன் கௌரவ அணியில் இடம்பெற்றார். 2017இல் அந்த அணிக்குத் தலைவராகவும் அறிவிக்கப்பட்டார். அதே ஆண்டு ரிச்மண்ட் பிரீமியர்ஷிப்பை, அதாவது லீக் கோப்பையை, வென்றது. 2019ஆம் ஆண்டின் முதல் சுற்றில் கார்ல்டனுக்கு எதிராக ஆடும்போது அவருடைய முழங்கால் தசைநார் கிழிந்தது. அதுவே அவருடைய 200ஆவது ஆட்டமாகவும் கடைசி ஆட்டமாகவும் அமைந்துவிட்டது. அவர் இல்லாமலேயே ரிச்மண்ட் 2019இலும் 2020இலும் கோப்பையை வென்றது. தலைசிறந்த தற்காப்பு வீரர் விலகிய பிறகும் அணி இரண்டு முறை வெல்கிறது என்றால், அவருடைய பங்களிப்பை நாம் எப்படிப் புரிந்துகொள்வது? நீண்டகாலமாகப் பார்த்துவருபவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பின்வரிசை எழுதியது:

நல்ல கேள்வி, தென்திசை. என்னுடைய அளவுகோல் எளிமையானது. தற்காப்பு வீரரைப் பற்றி அறிய வேண்டுமானால் அவருடைய எண்களைப் பார்ப்பதற்கு முன், அன்றைக்கு அவர் யாரை மறித்தார், அந்த ஆள் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். ஆண்டுக்கு அறுபது கோல் அடிக்கும் ஒருவர் அன்று ஒரே ஒரு கோலோடு வெளியேறினார் என்றால் மறுநாள் பத்திரிகைகள் "அவருக்கு மோசமான நாள்" என்று எழுதும். அந்த மோசமான நாளை உண்டாக்கியவரின் பெயர் பல நேரங்களில் செய்தியிலேயே இருக்காது.

அடுத்த முறை மைதானத்துக்குப் போகும்போது கோல் கம்பங்களுக்குப் பின்னால் உள்ள இருக்கைகளில் அமர்ந்து, பந்து எங்கிருந்தாலும் கோலுக்கு மிக அருகே நிற்கும் தற்காப்பு வீரரான ஃபுல்பேக் மீதே கண்ணை வைத்திருங்கள். உயரமாகவும் நீளமாகவும் உதைக்கப்பட்ட பந்து, கோலிலிருந்து ஐம்பது மீட்டரில் வரையப்பட்ட வளைவுக்குள் இறங்கும் வேளையில், எங்கே ஓட வேண்டும் என்பதை முன்கள வீரர்தான் முடிவு செய்கிறார். ஆகவே மறிப்பவர் எப்போதும் ஓரடி தாமதமாகவே கிளம்புகிறார். அந்த ஓரடியை ஈடுகட்ட முன்கையை எதிராளியின் விலாப்பக்கம் லேசாக வைத்து, அவர் எடை எந்தக் காலுக்கு மாறுகிறது என்பதை உணர்ந்துகொண்டே பந்தைப் பார்க்கிறார். முதுகில் தள்ளினால் ஃபிரீ கிக், கையில் வெட்டினாலும் ஃபிரீ கிக். இரண்டுமே கோலுக்கு நேர் எதிரே கொடுக்கப்படும் என்பதால் அநேகமாக ஒரு கோலுக்குரிய ஆறு புள்ளிகள் போனதாகவே வைத்துக்கொள்ளலாம். எனவே விரிந்திருக்கும் எதிராளியின் உள்ளங்கைகளுக்கு இடையே புகுந்து பந்தை மட்டும் முஷ்டியால் குத்த வேண்டும். குத்திய பந்து கூட்டத்துக்கு முன்னால் விழுந்தால் அங்கே காத்திருக்கும் குள்ளமான முன்கள வீரர் பாய்ந்து எடுத்துவிடுவார். ஆகையால் அதை எல்லைக்கோட்டுப் பக்கமாகத் திருப்பிவிடவும் வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகு ஆட்டக்குறிப்பில் பதிவாவது ஒரே ஒரு "ஸ்பாயில்".

இந்த வகையில் நான் மிகவும் மதிக்கும் ஆட்ட வாழ்க்கை வெஸ்டர்ன் புல்டாக்ஸ் அணியின் டேல் மோரிஸுடையது. கழகங்கள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் தேசிய டிராஃப்டில் அவரை எந்தக் கழகமும் எடுக்கவில்லை. ஏ.எஃப்.எல்.லுக்கு அடுத்த நிலையிலுள்ள வி.எஃப்.எல். போட்டிகளில் வெரிபீ அணிக்காக ஆடியவரை, ரூக்கிப் பட்டியல் எனப்படும் துணைப் பட்டியலில்தான் சேர்த்துக்கொண்டார்கள். 2005இல் அறிமுகமாகி 253 ஆட்டங்கள் ஆடினார். உயரமானவரையும் மறிப்பார், குள்ளமான வேகக்காரரையும் மறிப்பார். 2011இல் கால் எலும்பு முறிந்து நெடுநாள் ஒதுங்கியிருந்து மீண்டு வந்தார். 2016 இறுதிச் சுற்று ஆட்டங்களை முதுகெலும்பில் முறிவோடு ஆடினார் என்பது கோப்பை வென்ற பிறகே வெளியே தெரிந்தது.

அந்த இறுதிப் போட்டியின் கடைசிக் கால்பகுதியில் சிட்னியின் லான்ஸ் ஃபிராங்க்ளின் பந்தைப் பிடித்துத் திரும்ப முயன்ற கணத்தில் மோரிஸ் பாய்ந்து அவரைக் கட்டிப்பிடித்தார். சிதறிய பந்தை டாம் பாய்ட் எடுத்து, ஐம்பது மீட்டர் வளைவுக்கு வெகு வெளியிலிருந்து உதைத்தார். அது உருண்டு துள்ளிக் கோலுக்குள் போனது. 1954க்குப் பிறகு அந்தக் கழகத்துக்குக் கிடைத்த முதல் பிரீமியர்ஷிப் அது, 89க்கு 67. பாய்டின் கோலை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது அதற்கு முந்தைய இரண்டு நொடிகள்.


ஏட்டுக்கணக்கு எழுதியது:

பின்வரிசை சொன்னதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். ஆனால் "யாரை மறித்தார்" என்ற அளவுகோல் மோரிஸ் காலத்துக்கு முந்தைய ஆட்டத்துக்கே முழுமையாகப் பொருந்தும் என்று கருதுகிறேன். கார்ல்டனின் ஸ்டீபன் சில்வாக்னி 312 ஆட்டங்கள் ஆடி, நூற்றாண்டின் ஃபுல்பேக் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவருடைய காலத்தில் ஒருவருக்கு ஒருவர் என்று நேருக்கு நேர் நின்றார்கள், ஆகவே யார் வென்றார் என்பது கண்ணெதிரே தெரிந்தது. அலஸ்டர் கிளார்க்சன் பயிற்றுவித்த ஹாதார்ன் அணி 2008இல் ஆட்களைப் பின்தொடர்வதை விட்டு, இடங்களை நிரப்பி நிற்கும் முறையைக் கொண்டு கோப்பையை வென்ற பிறகு தற்காப்பு என்பது ஒரு தனி மனிதரின் காரியமாக இல்லாமல் ஆறேழு பேர் சேர்ந்து நெய்யும் வேலையாக மாறிவிட்டது.

ரான்ஸைப் பற்றிய உங்கள் கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. அவர் தன் ஆளை விட்டுவிட்டு, பந்து எங்கே இறங்கும் என்பதைக் கணித்து, குறுக்கே வந்து மார்க் பிடிப்பவர், அதாவது உதைத்த பந்தை நிலத்தில் படுமுன் கையில் பிடிப்பவர். ஆனால் அவர் விட்டுவந்த ஆளை இன்னொருவர் உடனே ஏற்றுக்கொண்டால்தான் அந்தத் துணிச்சல் பலிக்கும். டிலன் கிரைம்ஸ், நிக் விளாஸ்டுயின், நேதன் பிராட் ஆகியோர் அவருடன் ஆடி இந்தப் பழக்கத்தில் ஊறியவர்கள். 2019 இறுதிப் போட்டியில் ஜி.டபிள்யூ.எஸ். (கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி) அணி மொத்தமே 25 புள்ளிகள்தான் எடுத்தது, ரிச்மண்ட் 114 எடுத்தது. கிரைம்ஸ் அந்த ஆண்டு ஆல் ஆஸ்திரேலியன் ஆனார். ரான்ஸ் இல்லாமல் அணி வென்றது என்பதால் அவருடைய பங்கு குறைவு என்று நான் முடிவு கட்ட மாட்டேன். அவர் முன்னின்று வளர்த்த ஒரு பின்வரிசை அவர் விலகிய பிறகும் குலையாமல் நின்றது என்பதை அவருடைய கணக்கிலேயே சேர்ப்பேன்.

கழகங்கள் கொடுக்கும் விலையும் ஓர் அளவுகோல்தான். 2017 முடிவில் ஜேக் லீவரை அடிலெய்டிலிருந்து பெறுவதற்காக மெல்பர்ன் கழகம் டிராஃப்டின் முதல் சுற்றுத் தேர்வுகள் இரண்டை விட்டுக்கொடுத்தது. ஒரு தற்காப்பு வீரருக்காக இவ்வளவா என்று அப்போது பலரும் முணுமுணுத்தார்கள். அடுத்த ஆண்டு முடிவில் கோல்ட் கோஸ்டிலிருந்து ஸ்டீவன் மேயையும் கொண்டுவந்தார்கள். இந்த இருவரையும் நடுவில் வைத்துக் கட்டிய பின்வரிசையோடுதான் 2021இல், 57 ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு, கோப்பை அவர்களுக்குக் கிடைத்தது. மே அந்த இறுதிப் போட்டியைத் தொடைத் தசைக் காயத்தோடு ஆடினார்.

விருதுகளைப் பற்றிய உங்கள் மனக்குறை நியாயமானதே. பிரௌன்லோவை ஜீலாங்கின் பெர்னி ஸ்மித் 1951இலும், ஃபுட்ஸ்கிரேயின் பிராட் ஹார்டி 1985இலும் ஃபுல்பேக்குக்குப் பக்கத்து இடமான பேக் பாக்கெட்டில் ஆடியபடியே வென்றார்கள். எசெண்டனின் கேவின் வாங்கனீன் 1993இல் பின்வரிசை வீரராகவே வென்றார். அதன் பிறகு நிலைமை நடுக்களத்தின் பக்கமே சாய்ந்துகிடக்கிறது. இறுதிப் போட்டியின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கத்தை 2013இல் ஹாதார்னின் ஃபுல்பேக் பிரையன் லேக் வென்றபோது எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவே இல்லை.


தென்திசை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கேள்வியின் இன்னொரு பாதியையும் இப்போது சொல்லிவிடுகிறேன். என் அக்காள் மகனுக்குப் பதினாறு வயது. உள்ளூர்க் கழகத்தில் முன்கள வீரனாக ஆடிக்கொண்டிருந்தவனை இந்தப் பருவத்தில் பயிற்சியாளர் பின்வரிசைக்கு மாற்றிவிட்டார். அதைத் தரம் இறக்கியதாகவே எண்ணி அவன் மனம் வாடியிருக்கிறான். கோல் அடிக்காதவனை டிராஃப்டுக்கு யார் கவனிப்பார்கள் என்று கேட்கிறான். இந்த இடத்தில் ஆடுபவர்கள் மேல்நிலைக்கு எப்படி வருகிறார்கள், அவர்களுடைய ஆட்ட வாழ்க்கை வழக்கமாக எப்படி முடிகிறது என்பதையும் அறிய விரும்புகிறேன். அக்காள் என்னிடம் கேட்பது முடிவைப் பற்றித்தான்.


மாலைக்காற்று எழுதியது:

உங்கள் அக்காளின் கவலை எனக்குப் புரிகிறது, தென்திசை. என் பிள்ளைகளும் இங்கேதான் ஆடி வளர்ந்தார்கள்.

முதலில் வழியைச் சொல்கிறேன். பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கான மாநிலப் போட்டிகளில் ஆடி, ஆண்டின் இறுதியில் நடக்கும் தேசிய டிராஃப்டில் எடுக்கப்படுவதே நேர்வழி. அந்த வழியில் முதல் தேர்வாகவே வந்த தற்காப்பு வீரரும் உண்டு: கார்ல்டனின் ஜேக்கப் வெயிட்டரிங், 2015. ஆனால் பின்வரிசையில் பலர் சுற்றுவழியில் வந்தவர்கள். பதினெட்டு வயதுப் பையன் முப்பது வயது முன்கள வீரரோடு தோளோடு தோள் மோதி நிற்க உடல் முதிர வேண்டும். பந்தின் போக்கைப் படிக்கும் அறிவும் ஆடி ஆடித்தான் வருகிறது. ஜீலாங்கின் டாம் ஸ்டூவர்ட் 2016 டிராஃப்டில் 40ஆவது தேர்வாக எடுக்கப்பட்டபோது அவருக்கு வயது 23. அதன் பிறகு அவர் பலமுறை ஆல் ஆஸ்திரேலியன் ஆனார், 2022இல் கோப்பையும் வென்றார். செயின்ட் கில்டாவின் காலம் வில்கி, கணக்காளராக வேலை பார்த்துக்கொண்டே தெற்கு ஆஸ்திரேலியாவில் நார்த் அடிலெய்டுக்கு ஆடியவர். ரூக்கி டிராஃப்ட் வழியாக வந்து 2023இல் ஆல் ஆஸ்திரேலியன் ஆனார். வெஸ்ட் கோஸ்டின் ஜெரமி மெக்கவர்னும் ரூக்கிப் பட்டியலிலிருந்து எழுந்தவரே. 2018 இறுதிப் போட்டியின் கடைசி நிமிடங்களில் அவர் பின்களத்தில் பிடித்த மார்க்கிலிருந்து கிளம்பிய பந்துதான் மூன்று கை மாறி டாம் ஷீடிடம் வந்து, கோப்பையைத் தீர்மானித்த கோலாக முடிந்தது. பதினெட்டு வயதில் பெயர் அழைக்கப்படாவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்ற எண்ணம் மற்ற எந்த இடத்தையும்விட இந்த இடத்துக்குப் பொருந்தாது என்று உங்கள் மருமகனிடம் சொல்லுங்கள்.

மகளிர் லீக்கையும் இங்கே குறிப்பிட வேண்டும். லிபி பர்ச் என்னும் தற்காப்பு வீராங்கனை வெஸ்டர்ன் புல்டாக்ஸோடு 2018இலும், மெல்பர்னோடு 2022இலும், நார்த் மெல்பர்னோடு 2024இலும் என மூன்று கழகங்களில் பிரீமியர்ஷிப் வென்றவர். தேர்ந்த தற்காப்பு வீரருக்கு எந்தக் கழகத்திலும் தேவை இருக்கிறது.

இனி முடிவைப் பற்றி. இதை நான் மென்று விழுங்கப் போவதில்லை. பந்தை மட்டுமே பார்த்துக்கொண்டு பின்னோக்கியும் பக்கவாட்டிலும் ஓடி, முழு வேகத்தில் வரும் உடல்களுக்கு நடுவே எழும்புவது இவர்களுடைய அன்றாட வேலை. மெக்கவர்ன் 197 ஆட்டங்களோடு 2025இல் ஓய்வு பெற்றார். மூளை அதிர்ச்சிகளை ஆராய்ந்த மருத்துவக் குழுவின் அறிவுரைப்படி எடுக்கப்பட்ட முடிவு அது. செயின்ட் கில்டாவின் முன்னாள் ஃபுல்பேக்கும் தலைவருமான டேனி ஃபிராலி 2019இல் மறைந்த பிறகு அவருடைய மூளையை ஆராய்ந்தபோது சி.டி.இ. என்னும் மூளைச் சிதைவு நோய் இருந்தது தெரியவந்தது. ஒவ்வொரு வீரருக்கும் இப்படி ஆகும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனாலும் பெற்றோர் இதை அறிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும்.

2021 முதல் ஏ.எஃப்.எல்.லில் மூளை அதிர்ச்சி ஏற்பட்ட வீரர் குறைந்தது 12 நாள் ஆடக் கூடாது. இளையோர் ஆட்டங்களில் இன்னும் கூடுதலான நிதானம் தேவை. தலையில் அடிபட்ட பையன் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொன்னால் அந்தச் சொல்லை ஏற்காமல் அன்றைக்கே ஆட்டத்திலிருந்து இறக்கி, மருத்துவரிடம் காட்டி, அவர் ஒப்புதல் கொடுத்த பிறகே திருப்பி அனுப்புகிற கழகமா என்று அக்காளை விசாரிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் ஆடுகிறான் என்பதைவிட இந்தக் கேள்விக்குக் கழகம் தரும் பதில் முக்கியமானது. பதில் மழுப்பலாக இருந்தால் கழகத்தை மாற்றுவதில் தயக்கம் வேண்டாம்.


பின்வரிசை எழுதியது:

மாலைக்காற்று சொன்னதற்கு மேல் உடல்நலம் பற்றி நான் சேர்க்க எதுவுமில்லை. அதில் ஒரு சொல்லையும் விடாமல் அக்காளுக்குப் படித்துக்காட்டுங்கள். நீண்டு நிலைத்த வாழ்க்கையும் இந்த இடத்தில் உண்டு என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். எசெண்டனின் டஸ்டின் பிளெட்சர் 1993இல், இன்னும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே அறிமுகமாகி, அந்த ஆண்டே கோப்பையும் வென்று, 2015இல் நாற்பது வயதில் தன்னுடைய 400ஆவது ஆட்டத்தை ஆடினார்.

தம்பியின் மனவாட்டத்துக்கு என்னுடைய பதில் வேறு. பின்வரிசைக்கு அனுப்பப்பட்டவனுக்கு மைதானம் முழுவதும் கண்ணெதிரே விரிகிறது. எதிரணி எப்படி நகர்கிறது, தன் அணியில் யார் இடம் தவறி நிற்கிறார், அடுத்த உதை எங்கே போகும் என்று ஆட்டம் முழுவதும் படித்துக்கொண்டும், குரல் கொடுத்துப் பிறரை நகர்த்திக்கொண்டும் இருப்பது அவனுடைய கடமை. பெரிய பயிற்சியாளர்களில் எத்தனை பேர் பின்வரிசையில் ஆடியவர்கள் என்று பாருங்கள். டேவிட் பார்க்கின் ஹாதார்னின் பேக் பாக்கெட், 1971இல் தலைவராகக் கோப்பை வென்றவர், பிறகு பயிற்சியாளராக ஹாதார்னுக்கும் கார்ல்டனுக்கும் கோப்பைகள் பெற்றுத்தந்தவர். மிக் மால்ட்ஹவுஸ் 1980இல் ரிச்மண்டின் பின்வரிசையில் நின்று வென்றவர், வெஸ்ட் கோஸ்டையும் காலிங்வுட்டையும் வெல்ல வைத்தவர். ஜீலாங்கை 2011இலும் 2022இலும் வெல்ல வைத்த கிறிஸ் ஸ்காட், ரிச்மண்டுக்கு மூன்று கோப்பைகள் தந்த டேமியன் ஹார்ட்விக் ஆகிய இருவரும் தற்காப்பு வீரர்களே.

ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். 2009 இறுதிப் போட்டி, ஜீலாங்கும் செயின்ட் கில்டாவும். கடைசிக் கால்பகுதியின் இறுதி நிமிடங்கள், புள்ளிகள் சமநிலை. ஜீலாங்கின் ஃபுல்பேக் மேத்யூ ஸ்கார்லெட் தன் இடத்தைவிட்டு மைதானத்தின் நடுப்பகுதி வரை ஏறி வந்திருந்தார். துள்ளிக்கொண்டிருந்த பந்தைக் குனிந்து எடுத்தால் அகப்பட்டுக்கொள்வோம் என்பதைக் கண்டு, ஓடும் ஓட்டத்திலேயே கால் நுனியால் தட்டிக் கேரி ஏப்லட்டுக்கு அனுப்பினார். ஏப்லட் முன்னோக்கி உதைக்க, பால் சாப்மன் கோல் அடித்தார். 80க்கு 68 என்று ஜீலாங் வென்றது. தம்பி அந்தக் காட்சியை முதல் தடவை பந்தைப் பார்த்தபடி பார்க்கட்டும். இரண்டாம் தடவை, பந்து வருவதற்கு முன் ஸ்கார்லெட் எங்கே நிற்கிறார், எப்போது கிளம்புகிறார் என்பதை மட்டும் பார்க்கட்டும். அவனுடைய பயிற்சியாளர் அவனிடம் என்ன எதிர்பார்க்கிறார் என்பதை அதற்குப் பிறகு அவரிடமே நேரில் கேட்கச் சொல்லுங்கள். எந்த எதிராளியை, எதற்காகத் தன்னிடம் ஒப்படைக்கிறார் என்று கேட்கிற பையனை எந்தப் பயிற்சியாளரும் மறக்க மாட்டார்.